கேம் ஆடும் கணினிக்குத் தனியாக ஃபிசிக்ஸ் கார்டு வாங்கலாமா?

ஏஜியா நிறுவனத்தின் பழைய ஃபிஸ்எக்ஸ் கார்டு ஒன்று மலிவாகக் கிடைப்பதாகவும், அதைப் பொருத்தினால் கேம்கள் வேகமாக ஓடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். 2006இல் ஏறத்தாழ 300 டாலர் கொடுத்து அதைப் புதிதாக வாங்கியவர்களுக்கே அந்த வேகம் கிடைக்கவில்லை.

காரணம் எளிது. ஒரு சுவர் வெடித்தால் அதன் துண்டுகள் எங்கே பறந்து, எதில் மோதி, எப்படி விழும் என்பதை மட்டுமே ஃபிசிக்ஸ் கார்டு கணக்கிடும். அந்தத் துண்டுகளைத் திரையில் வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. கார்டு இருக்கிறது என்பதற்காகப் பத்துத் துண்டுக்குப் பதில் நூறு துண்டைப் பறக்கவிட்டால், கிராபிக்ஸ் கார்டின் சுமைதான் கூடும். 'கோஸ்ட் ரீகான் அட்வான்ஸ்டு வார்ஃபைட்டர்' கேமில் நடந்தது இதுதான்: ஃபிசிக்ஸ் கார்டு பொருத்திய கணினிகளில் வெடிப்புகள் அழகாக இருந்தன, ஆனால் பிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்குத் திரையில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கை, குறைந்தது.

2008 பிப்ரவரியில் ஏஜியாவை என்விடியா வாங்கி, அதே கணக்கீட்டைத் தன் ஜீஃபோர்ஸ் கிராபிக்ஸ் கார்டுகளிலேயே ஓட வைத்தபின் தனிக் கார்டுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. பின்னர் வந்த ஃபிஸ்எக்ஸ் மென்பொருள் அந்தக் கார்டை ஏற்பதும் இல்லை. அதைச் செருகத் தேவையான பழைய பிசிஐ ஸ்லாட்டை இன்றைய மதர்போர்டுகளில் காண்பதும் அரிது.

ஆனாலும் இந்த முயற்சியை வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். 2009இல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' கேமில், தரையில் சிதறிக் கிடக்கும் காகிதங்கள் பேட்மேன் நடக்கும்போது அவன் காலடியில் எழுந்து, சுழன்று, வேறிடத்தில் விழும். ஃபிஸ்எக்ஸை நிறுத்திவிட்டு அதே அறைக்குள் போனால் காகிதமே இருக்காது. அந்த வேறுபாட்டை முதன்முதலில் கண்ட நாளில், சண்டையை மறந்து அந்த அறையிலேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது கார்டு உண்மையிலேயே பயன்படும் இடமும் இத்தகைய பழைய கேம்கள்தான். கிராபிக்ஸ் கார்டில் பொதுக் கணக்குகளை ஓட்ட உதவும் என்விடியாவின் 'கூடா' (CUDA) நுட்பத்தின் 32 பிட் வடிவத்தையே அவை நம்பியிருந்தன; 2025இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளில் அதற்கான ஆதரவு நீக்கப்பட்டதால், அக்கேம்களின் ஃபிஸ்எக்ஸ் கணக்கு சிபியூவின் தலையில் விழுந்து ஆட்டம் தடுமாறியது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), குறிப்பிட்ட சில கேம்களுக்கு மட்டும் அந்த ஆதரவைத் திரும்பத் தந்தது. உங்களிடம் அந்த வரிசைக் கார்டு இருந்து, நீங்கள் விரும்பும் கேம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், பழைய சிறிய ஜீஃபோர்ஸ் கார்டு ஒன்றை இரண்டாவது ஸ்லாட்டில் பொருத்தி, என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபிஸ்எக்ஸ் வேலையை அதற்கு ஒதுக்கலாம். இரண்டு கார்டுகளையும் ஒரே டிரைவர் ஏற்கிறதா என்பதை மட்டும் பணம் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி, கையில் இருக்கும் பணத்தை நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கே சேர்த்து வையுங்கள்.