செம்பரம்பாக்கம் திறக்கும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: வரதராஜபுரத்தில், அடையாற்றுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மாமியார் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். ஐப்பசி பிறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால் டிவியில் சொல்வார்கள், அப்போது கிளம்பலாம்" என்கிறார் கணவர். அது போதுமா? காரை என்ன செய்வது?
- ஒரு வாசகி, வரதராஜபுரம்

பதில் (ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்):

போதாது அம்மா. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. உங்கள் ஊர் அதற்கும் மேலே இருக்கிறது. உங்கள் தெருவுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி திறந்ததை ஊரே பேசுகிறது. அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதை யாரும் நினைப்பதில்லை. டிவியில் மதகைக் காட்டும்போது உங்கள் வீட்டில் கட்டில் மிதந்துகொண்டிருக்கும்.

ஆகவே ரெட் அலர்ட் என்று சொன்னதுமே, வெளிச்சம் இருக்கும்போதே மாமியாரை மாற்றிவிடுங்கள். மாடி வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசி வையுங்கள். குளியலறைத் துவாரத்தில் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து மேலே வந்தால், தெரு காய்ந்திருந்தாலும் அதற்குமேல் தாமதிக்கக் கூடாது. ஓடாமல் தேங்கிய தண்ணீர் முழங்கால் அளவுவரை இருந்தால், அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிவிடலாம். அதற்குமேல் ஆகிவிட்டால் படகு வரும்வரை அவரை மாடியில்தான் வைத்திருக்க வேண்டும். பேரிடர் உதவி எண்கள் 1070 (மாநிலம்), 1077 (மாவட்டம்) இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெயினை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். மூலையில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பிளக்கில் கரண்ட் இருக்கும். தரை காய்ந்திருக்கும்போதே இரண்டையும் அணையுங்கள். காலடியில் தண்ணீர் வந்தபிறகு எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, அப்படியே வெளியேறுங்கள். தெருவில் இருக்கும் மின்வாரியப் பெட்டி (பில்லர் பாக்ஸ்) பக்கமும் போகாதீர்கள்.

அப்புறம், சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. புறநகர் வீடுகளில் கேட்டைத் தாண்டினதுமே சம்ப் இருக்கும். வெள்ளத்தில் மூடி நகர்ந்துவிடும், மேலே கலங்கல் தண்ணீர் மட்டும்தான் தெரியும். சொந்த வீட்டு சம்பிலேயே ஆள் விழுவதுண்டு. மூடிமேல் இப்போதே கனமான கல்லை வையுங்கள். தெருவில் நடந்தே ஆக வேண்டுமென்றால், கையில் கம்பு வைத்து முன்னால் ஊன்றிப் பார்த்து, ஓரத்துக் கால்வாயை விட்டு நடுவாக நடங்கள். ஓடுகிற தண்ணீர் முழங்காலைத் தொட்டால் இறங்கவே இறங்காதீர்கள்.

கார்? மழை தொடங்கும் முன்பே மேடான இடத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். அவர்கள் செய்வதுதான் சரி. தண்ணீர் வந்தபிறகு காரை எடுக்க யாரும் இறங்க வேண்டாம். ஒரு அடி ஓடுகிற தண்ணீரே சிறிய காரைத் தூக்கிவிடும். கார் போனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

மாமியாரின் மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கட்டி, மருந்துச் சீட்டோடு மாடி வீட்டிலேயே இப்போதே கொடுத்து வைத்துவிடுங்கள்.