கண்ணீர் வராத பக்தி

மதிப்பிற்குரிய ஐயா,

பக்தி யோகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தினமும் விளக்கேற்றுகிறேன், பூத்தொடுத்துப் பெருமாளுக்குச் சாத்துகிறேன். மாமியார் பாசுரம் சேவிக்கும்போது அவருக்குத் தொண்டை அடைத்துக் கண் கலங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் எனக்கோ அடுப்பில் வைத்த பால்தான் நினைவுக்கு வருகிறது. “உனக்கு உணர்ச்சியே கிடையாது அக்கா, ஞான மார்க்கம்தான் உனக்குச் சரி” என்கிறான் தம்பி. அன்பே இல்லாமல் நான் செய்யும் பூஜை பொய்தானே?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

பொய் இல்லை. இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை.

கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பக்தி யோகம் என்றே பெயர். அதன் 13-ஆம் சுலோகத்திலிருந்து, தனக்குப் பிரியமான பக்தன் யார் என்று கண்ணன் சொல்கிறான். எந்த உயிரையும் வெறுக்காதவன், நட்பும் கருணையும் கொண்டவன், பொறுமையுள்ளவன், தன்னால் உலகம் கலங்காதபடி நடப்பவன். கண்ணீர் விடுபவன் என்று ஓரிடத்திலும் இல்லை. உங்கள் தம்பிக்கும் அங்கேயே பதில் இருக்கிறது: ஞான மார்க்கத்தில், உருவமற்ற பரம்பொருளில் மனத்தை வைப்பவர்களுக்குத்தான் சிரமம் அதிகம் என்கிறது 5-ஆம் சுலோகம். உணர்ச்சி வராதவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் இடம் அல்ல ஞானம்.

இராமானுசர் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். அவருக்குப் பக்தி என்பது எண்ணெய் ஒழுக்குப்போல இடையறாது ஓடும் அன்பான நினைவு. அந்த நினைவு கைகூட ஏழு துணைகள் வேண்டும் என்று பழைய உரையாசிரியர் ஒருவரின் வாக்கை, பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் எடுத்துக்காட்டுகிறார்: விவேகம், விமோகம், அப்யாசம், கிரியை, கல்யாணம், அனவசாதம், அனுத்தர்ஷம். உணவில் தூய்மை, ஆசையில் பற்றின்மை, திரும்பத் திரும்பப் பழகுதல், கடமைகளைச் செய்தல், வாய்மை தயை முதலிய நற்குணங்கள் ஆகியவை முதல் ஐந்து. கடைசி இரண்டையும் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அனவசாதம், மனம் தளராதிருத்தல். அனுத்தர்ஷம், மகிழ்ச்சியில் நிலை தடுமாறாதிருத்தல். சோர்வு எப்படித் தடையோ, அளவு கடந்த பூரிப்பும் அப்படியே தடை என்று கண்டவர்கள் நம் ஆசாரியர்கள். பரவசம் வரவில்லையே என்று தளர்ந்துபோவதுதான் இப்போது உங்களுக்கு நேர்ந்திருக்கும் இடையூறு.

பால் நினைவுக்கு வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நில்லுங்கள். மனம் நிலைக்காவிட்டால் பழகு, பழகவும் முடியாவிட்டால் எனக்காக வேலை செய் என்று கண்ணனே படிப்படியாக இறங்கி வருகிறான். நீங்கள் பூத்தொடுப்பது அந்த வேலைதான். திருமலையில் பூத்தொண்டு செய்ய யார் போகிறீர்கள் என்று இராமானுசர் கேட்டபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சாமல் எழுந்தவர் அவருடைய சீடர் அனந்தாழ்வான். மலையேறிப் போய் நந்தவனம் அமைத்தார், அதற்குத் தண்ணீர் வேண்டுமென்று ஏரி வெட்டினார். மண்சுமந்த அந்தக் கைகளைத்தான் வைணவ உலகம் இன்றும் கொண்டாடுகிறது.

உங்கள் மாமியாரின் கண்ணீரை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அது பெரும் பேறு. ஆனால் அழுகைக்கே பேர்போன மாணிக்கவாசகர் என்ன சொன்னார் தெரியுமா? “யானே பொய் என் நெஞ்சும் பொய் என் அன்பும் பொய்” என்றார். அடுத்த வரியில் “ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே” என்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். அவர் எதற்காக அழுகிறார் என்று பாருங்கள். அன்பு இல்லையே என்பதற்காகத்தான். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியதும் அதற்காகத்தானே?

பூஜையை நிறுத்தாதீர்கள். மாமியாரிடம் நாளைக்கு ஒரு பாசுரத்தைப் பொருளோடு சொல்லித்தரச் சொல்லுங்கள். பிரகலாதன் அடுக்கிய ஒன்பது பக்தி முறைகளில் முதலாவது, கேட்பது.

அன்புடன்