டெஸ்டருக்கு எதற்குக் கோடிங்? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். நான்கு வருடமாக ஒரு மென்பொருள் கம்பனியில் கியூஏ வேலை, அதாவது மென்பொருளைச் சோதிக்கிற டெஸ்டர் வேலை. முதல் இரண்டு வருடம் மனுவல் (கையால் சோதிப்பது), பிறகு செலினியம் என்ற கருவியும் ஜாவாவும் வைத்து ஓட்டோமேஷன் (கோட் எழுதித் தானாகச் சோதிக்கவிடுவது). போன மாதம் வேறொரு கம்பனிக்கு சீனியர் ஓட்டோமேஷன் எஞ்சினியர் வேலைக்காக நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். என் வேலையைப் பற்றிக் கேட்டதெல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஸ்கிரீனை ஷெயார் பண்ணச் சொல்லி, ஒரு எழுத்துச் சரத்தில் எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத மிக நீளமான துண்டைக் கண்டுபிடிக்கக் கோட் எழுதச் சொன்னார்கள். 30 நிமிடம். இரண்டு பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம், அதுவும் இங்கிலீஷில். எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு நாளில் 'மன்னிக்கவும்' என்று மெயில் வந்துவிட்டது.

இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட இப்படி ஒரு கோட் எனக்குத் தேவைப்படவில்லை. டெஸ்டரிடம் டெவலப்பருக்கான கேள்வியைக் கேட்பது நியாயமா? நானும் இனி கோடிங் கேள்விகளைப் போட்டுப் பழகும் தளமான லீட்கோட்டைப் பாடமாக்க வேண்டுமா? பேசாமல் பிஏ (பிஸ்னஸ் அனலிஸ்ட்) பக்கம் போய்விடலாமா என்றும் யோசனை. பெயரைப் போட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்களிடம் கேட்டது லீட்கோட்டில் 3ஆம் இலக்கக் கேள்வி. போட்டுப் பழகியவர் பேசிக்கொண்டே எழுதி முடித்துவிடுவார். முதல்முறை பார்ப்பவர், அதுவும் இரண்டு பேர் பார்த்திருக்க, தடுமாறத்தான் செய்வார். ஆகவே அன்றைக்குத் தெரியவந்தது, நீங்கள் அந்தக் கேள்வியை முன்பே பார்த்திருக்கிறீர்களா என்பது மட்டும்தான். இந்த அளவுக்கு நான் உங்கள் பக்கம். ஆனால் டெஸ்டரிடம் கோடிங் கேட்பதே நியாயமில்லை என்றால், அதற்கு நான் வரமாட்டேன்.

நீங்கள் தினமும் திறக்கிற செலினியத்தையே எடுங்கள். 2004இல் சிக்காகோவில், தோட்வர்க்ஸ் கம்பனியில் வேலை செய்த ஜேசன் ஹகின்ஸ், தங்கள் உள்வேலைக்கான ஒரு வலைச்செயலியைத் திரும்பத் திரும்பக் கையால் சோதிக்கிற தொல்லையைக் குறைக்க எழுதியது அது. ஓட்டோமேஷன் பிறந்ததே கோட் எழுதித்தான். எழுதிய ஸ்கிரிப்ட்டை, அதாவது சோதனைக் கோட்டை, இன்னொருவர் வாசிக்க வேண்டும், ஆறு மாதம் கழித்துத் திருத்த வேண்டும், இரவில் யாரும் பார்க்காதபோது அது தானாக ஓட வேண்டும். பழைய ஸ்கிரிப்ட்டைப் பிரதி எடுத்து, பட்டனின் பெயரை மட்டும் மாற்றி வருடங்களை ஓட்டியவர்களையும் நேர்முகப் பரீட்சையில் பார்க்கிறோம். சிவியில் அவர்களுக்கும் 'செலினியம், நான்கு வருடம்' என்றுதான் இருக்கும். பேச்சிலும் வித்தியாசம் தெரியாது. கோட் எழுதவிட்டால் தெரிந்துவிடும்.

அப்படியானால் எதை எழுதவிடுவது? நான் நேர்முகம் செய்கிற பெனலில் இருந்தால் ஒரு ஸ்கிரிப்ட்டைக் கையில் கொடுப்பேன். பகலில் பாஸ் ஆகும், இரவு ஓட்டத்தில் சில நாள் ஃபெயில் ஆகும். ஏன் என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அதில் மூன்று நான்கு இடத்தில் கண்ணி வைத்திருப்பேன். ஓரிடத்தில் பட்டனை அழுத்திவிட்டு மூன்று வினாடி சும்மா காத்திருக்கும். இரவில் பேக்கப் ஓடி சேர்வர் மெதுவானால் மூன்று வினாடி காணாது. இன்னோரிடத்தில் அட்டவணையின் முதல் வரிசையை எடுக்கும். யாராவது புதிதாக ஒரு ஓர்டர் போட்டால் முதல் வரிசை வேறாகிவிடும். வேறு இரண்டு டெஸ்ட்கள் ஒரே யூசர் கணக்கில் நுழையும்; தனித்தனியே ஓடும்போது பிரச்சினை இல்லை, இரவில் சேர்ந்து ஓடும்போது ஒன்று மற்றதை லொக்அவுட் பண்ணிவிடும். 2020இல் செலினியம் போன்ற இன்னொரு கருவியான மைக்ரோசொஃப்டின் பிளேரைட் வந்த பிறகு காத்திருப்புப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்த முடிகிறதா என்று அது பார்த்துக்கொள்ளும், சரி. திரையில் இருக்கிற தொகை பழைய தொகையா புதியதா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதை எழுதுகிறவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்படி ஒன்றைக் கேட்டிருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதைத் தயாரிக்க பெனலில் இருப்பவர் ஒரு நாள் மினக்கெட வேண்டும். லீட்கோட்டில் இருந்து ஒன்றை எடுத்து ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். இங்கே பல இடங்களில் நடப்பது இந்தச் சோம்பல்தான், பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. வெளிநாட்டு கிளையன்ட் அனுப்பிய கேள்வித்தாளை அப்படியே வைத்துக் கேட்பதும் உண்டு.

கை ஓடவில்லை என்றீர்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. 2020இல் நோர்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து 48 கணினி மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே கேள்வி. ஒரு பகுதியினர் ஆள் பார்த்திருக்க, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெண்பலகையில் எழுதினார்கள். மற்றவர்கள் அறையில் தனியே இருந்து எழுதினார்கள். ஆள் பார்த்திருந்தவர்களின் திறன் பாதிக்கும் கீழே விழுந்தது. அந்தக் குழுவில் இருந்த பெண்களில் ஒருவர்கூடச் சரியாக முடிக்கவில்லை. தனியே எழுதிய பெண்கள் எல்லோரும் முடித்தார்கள். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் பெனலில் உட்காருகிறவர்கள் ஒருதரம் நினைத்துப் பார்க்கலாம்.

நம் ஊரில் இதற்கு மேலே இன்னொரு சுமையும் இருக்கிறது. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, கம்பஸில் இங்கிலீஷுக்கு மாறி, வேலையில் மெயிலும் மீட்டிங்கும் இங்கிலீஷில் பழகியவர்கள் நாங்கள். வேலைக்கு அது போதும். ஆனால் தெரியாத கணக்கு ஒன்றை மண்டைக்குள் தமிழில் பிடித்துக்கொண்டு, வாயால் இங்கிலீஷில் விளக்கி, கையால் ஜாவாவில் எழுதுவது வேறு. இதே சங்கடம் சிங்களத்தில் படித்து வந்தவர்களுக்கும் உண்டு. கொழும்பில் ஒரு பெனலில் மூன்று மொழியும் தெரிந்தவர் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார். 'எந்த மொழியில் வேண்டுமானாலும் யோசியுங்கள்' என்று சொல்ல அவருக்கு என்ன செலவு? அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "ஐந்து நிமிடம் பேசாமல் எழுதிவிட்டு, பிறகு விளக்கட்டுமா?" நான் இருந்த பெனல்களில் இதற்கு யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

இனி, உங்கள் பக்கம் நான் கவனித்த ஒரு விஷயம். கேள்வி வந்தது, கை ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் நீங்கள் ஏதாவது திருப்பிக் கேட்டதாக இல்லை. வெற்றுச் சரம் வருமா? பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றா? இடைவெளியும் ஒரு எழுத்தா? ஒரே நீளத்தில் இரண்டு துண்டு இருந்தால் எதைக் கொடுக்க வேண்டும்? ஒபீஸில் ஒரு டிக்கெட் (செய்ய வேண்டிய வேலைக் குறிப்பு) வந்தால் இதையெல்லாம் கேட்டு டெவலப்பரைத் துளைத்தெடுப்பீர்கள்தானே! நேர்முகப் பரீட்சையில் மட்டும் ஏன் பரீட்சை எழுதுகிற பிள்ளையாகிவிட வேண்டும்?

கியூஏ நேர்முகங்களில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: முன்னும் பின்னும் ஒரேமாதிரி வாசிக்கிற சொல்லா என்று பார்க்கக் கோட் எழுதுங்கள். எல்லோரும் 'மேடம்' என்ற இங்கிலீஷ் சொல்லைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்பார்கள். நீங்கள் 'விகடகவி' போட்டுப் பாருங்கள். சரத்தைத் திருப்பி ஒப்பிடுகிற வழக்கமான கோட், அது அப்படிப்பட்ட சொல் இல்லை என்றே சொல்லும். நமக்கு அது ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோட் முறையில் ஏழு குறி. 'வி' என்பது வகரமும் இகரக் கொக்கியுமாக இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. திருப்பினால் கொக்கி முன்னால் வந்துவிடும். அதைத் திருத்துவதற்கும் வழி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டில் சரத்தை முழு எழுத்துகளாகப் பிரித்துத் தர செக்மென்டர் என்றே ஒன்று உண்டு. ஆனால் திருத்தத் தெரியாவிட்டாலும், அந்த உள்ளீட்டைக் கொடுத்து "உங்கள் மும்மொழித் தளத்தில் இது வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கிற ஆளை நான் விடமாட்டேன். 'கிருஷ்ணமூர்த்தி' நமக்கு எட்டு எழுத்து, கணினிக்கு 15. பெயருக்கான பெட்டியில் வரம்பு வைக்கிற எந்த நிறுவனத்துக்கும் இது சும்மா விளையாட்டு இல்லை.

இந்தக் குணம் டெவலப்பரிடம் தானாக வராது. மென்பொருள் சோதனை பற்றி எழுதிய நூலில் கிளென்ஃபர்ட் மயர்ஸ் 1979இலேயே ஒரு கணக்குக் கொடுத்தார். மூன்று முழு எண்களை வாங்கி, அது எந்த வகை முக்கோணம் என்று சொல்கிற புரோகிராம். அதைச் சோதிக்க டெஸ்ட் கேஸ்களை எழுதுங்கள். 1, 2, 3 கொடுத்தால் முக்கோணமே வராது என்பது, பூச்சியம், எதிர்மறை எண், எண்களின் வரிசையை மாற்றிக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 14 புள்ளி. நல்ல அனுபவமுள்ள புரோகிராமர்களே சராசரியாக 7.8தான் எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். ஓட்டோமேஷன் வேலைக்கு ஆளெடுக்கிற பெனல், இதையும் கோடிங் கேள்வியோடு சேர்த்துக் கேட்டால் என்ன? எழுதச் சொல்லுங்கள், எழுதியதை உடைக்கவும் சொல்லுங்கள். இப்போது கோட் எழுதித் தரும் ஏஐ கருவியான கோபைலட் எழுதிய டெஸ்ட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதும் நல்ல வழி. அதில் எதையும் சரிபார்க்காமலே எப்போதும் பச்சை காட்டுகிற டெஸ்ட் ஒன்றிரண்டு இருந்தே தீரும்.

லீட்கோட்டைப் பாடமாக்க வேண்டாம். ஆனால் சரம், பட்டியல், ஹேஷ்மேப் (ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தருவது), லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) இந்த நான்கிலும் கை பழக வேண்டும். ஏபிஐயில் (சேர்வரில் இருந்து நேரடியாகத் தரவு வாங்கும் வழியில்) வந்த பட்டியலையும் திரையில் இருக்கிற பட்டியலையும் ஒப்பிட்டு எது விடுபட்டது என்று சொல்வது, லொக் ஃபைலில் (நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பில்) எந்தப் பிழை எத்தனை தரம் வந்தது என்று எண்ணுவது, ஃபெயில் ஆனால் மூன்று தரம் முயல்கிற ஒரு சின்ன மெத்தட். வேறெங்கும் பார்த்துப் பிரதி எடுக்காமல் இவற்றை எழுத வராவிட்டால் 'சீனியர்' என்ற சொல்லுக்குக் கொஞ்சம் பொறுங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நான்கு வருட அனுபவத்துக்கு இது பெரிய மலை இல்லை. உங்கள் சொந்த ஸ்கிரிப்ட்களை ஜாவா பக்கமாகத் திறந்து, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாலே பாதி வந்துவிடும்.

பிஏ வேலை பிடித்திருந்தால் போங்கள், நல்ல வேலைதான். அந்த 'மன்னிக்கவும்' மெயிலுக்காகப் போக வேண்டாம்.

அடுத்த முறை அழைப்பு வந்ததும், கோடிங் பகுதி இருக்கிறதா, எவ்வளவு நேரம், நேரில் எழுதுவதா வீட்டில் செய்து கொடுப்பதா, இணையத்தில் தேடிப் பார்க்கலாமா என்று எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செய்வது என்றால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகிற வேலையை வாங்கிக்கொள்ள வேண்டாம். சனி ஞாயிறு முழுக்க இருந்து ஒரு ஃப்ரேம்வேர்க்கையே கட்டிக் கொடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குச் சம்பளம் உண்டா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

அன்புடன்,
அக்கா