கேள்வி–பதில்: சின்ன அணைதானே என்று விட்டுவிடலாமா?

சென்ற இதழில், கிராமப்புறத்துச் சின்ன மண் அணைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலத்துக்கு மேலே இருக்கும் அணை ஆறு மீட்டர் உயரம்தான். இதற்கெல்லாம் ஆய்வு, சோதனை என்று எதற்கு?

உயரத்தை விடுங்கள் ஐயா, கீழே யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பன்னாட்டுப் பெரிய அணைகள் ஆணையம் 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளதைத்தான் பெரிய அணை என்கிறது, 5 முதல் 15 மீட்டர் வரை இருந்தால் 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்க வேண்டும். இதற்குள் வராத அணைகள் பல நாடுகளில் எந்த ஆய்வுப் பட்டியலிலும் இருப்பதில்லை. ஆனால் தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு ஹெக்டேர் பரப்பில் சராசரி மூன்று மீட்டர் ஆழம் என்றால் 30,000 கன மீட்டர், அதாவது 30,000 டன் எடை. அது அரை மணி நேரத்தில் ஒரு ஓடை வழியாக இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டொக்கோவா என்ற இடத்தில் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்தது 1977 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். உயரம் 12 மீட்டருக்கும் குறைவு. கீழே ஒரு கல்லூரி வளாகம், தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள், 39 பேர் இறந்தார்கள். அதில் என்னை உறுத்துவது ஒரு பழைய புகைப்படம். 1973ல் எடுத்தது, அதிலேயே வெளிச்சரிவு ஓரிடத்தில் சரிந்து கிடக்கிறது. நாலு வருடம் அது அப்படியேதான் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் அணையைக் கட்டியபோது கீழே வெறும் வயலாக இருந்திருக்கும். இன்று அங்கே வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், சாலை எல்லாம் வந்திருக்கும். அணை வளரவில்லை, ஆபத்து வளர்ந்துவிட்டது. அதனால் கரையைப் பார்ப்பதற்கு முன், ஓடை வழியே கீழே ஒரு நடை போய், வழியில் இருக்கும் கதவுகளை எண்ணிவிட்டு வாருங்கள்.

கரையின் வெளிச்சரிவில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. பயப்பட வேண்டுமா?

எல்லா மண் அணையும் கொஞ்சம் கசியும், அது இயல்பு. எங்கே கசிகிறது, எவ்வளவு, என்ன நிறம், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன மாற்றம், இவைதான் கேள்வி. தெளிந்த தண்ணீர் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள். கலங்கி வந்தால், கரைக்குள்ளிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு சின்னக் குழாய் போலத் துளை உருவாகி, வெளிப்பக்கத்திலிருந்து நீர்ப்பக்கம் நோக்கி அரித்துக்கொண்டே போகும். அது நீர்த்தேக்கத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்குதான். அமெரிக்காவின் டீட்டன் அணை பெரியது, 93 மீட்டர், ஆனாலும் நேரக் கணக்குக்காகச் சொல்கிறேன்: 1976 ஜூன் 5 காலையில் கசிவைப் பார்த்தார்கள், மதியம் 12 அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது அணை உடைந்தது. ஓட்டையை அடைக்கப் போன இரண்டு புல்டோசர்களும் உள்ளே போய்விட்டன.

நிறத்தைக் கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ராத்திரி முழுக்க அசையாமல் வைத்துவிட்டு, காலையில் அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். கசிவு ஓரிடத்தில் சேர்ந்து வரும்படி சின்ன வாய்க்கால் வெட்டி, பத்து லிட்டர் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். அன்றைக்கு அணையில் நீர்மட்டம் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும், இது முக்கியம். மட்டம் ஏறும்போது கசிவு கூடுவது இயல்பு, மட்டம் அப்படியே நிற்க கசிவு மட்டும் கூடினால் உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஈரத்தின் எல்லையில் நாலு முளைக்குச்சி அடித்து வையுங்கள், பரவுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடிவாரத்தில் தரையிலிருந்து தண்ணீர் கொப்பளித்து, சுற்றிலும் எறும்புப் புற்று போல மணல் குவிந்தால் அது அவசர நிலை. அப்போது பலரும் செய்யும் தப்பு, களிமண்ணைக் கொட்டி வாயை அடைப்பது. அடைத்தால் அழுத்தம் உள்ளே ஏறி வேறு இடத்தில் பீய்ச்சும். தண்ணீர் வெளியே வரட்டும், மண் வரக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, கொப்பளிக்கும் இடத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் நிற்க விடுங்கள். நின்ற தண்ணீரின் எடையால் வேகம் தணியும். தெளிந்து வர ஆரம்பித்ததும் வளையத்தை அதற்கு மேல் உயர்த்தாதீர்கள். இது தற்காலிகம்தான். நிரந்தர வழி, முதலில் மணல், அதன்மேல் சரளை என்று வடிகட்டி அமைப்பது, அதைத் தெரிந்தவர் செய்ய வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. ஒரு கரையில் முகட்டின் மேலேயே நடந்து, எல்லாம் சரி என்று எழுதி முடித்துவிட்டேன். கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "அந்த மூலையில மட்டும் புல் காயவே மாட்டேங்குது, தம்பி" என்றார். இறங்கிப் போனேன். சுற்றிலும் எல்லாம் பழுப்பு, ஒரு பாய் விரித்த அளவுக்கு மட்டும் பச்சை. கையிலிருந்த குச்சியை ஊன்றினால் ஒரு சாண் இறங்கியது, எடுத்தால் அந்தத் துளையில் தண்ணீர் ஊறி நின்றது. அன்றிலிருந்து முகட்டில் நடப்பதை மட்டும் ஆய்வு என்று நான் சொல்வதில்லை. சரிவில் வளைந்து வளைந்து ஏறி இறங்கி, அடிவாரத்தை முழு நீளமும் நடந்து, அங்கே தினமும் இருக்கும் ஆட்களிடம் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

கரையில் மரம் இருந்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்தானே?

மலைச்சரிவில் சரி, அணைக்கரையில் வேண்டாம். மரம் செத்ததும் வேர் மக்கி, அந்த இடம் தண்ணீருக்கு வழியாகிவிடும். புயலில் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். நிழல் விழும் இடத்தில் புல் பிடிக்காது, எலி வளையும் கண்ணில் படாது. குட்டைப் புல் மட்டும் இருக்கட்டும். ஆனால் ஏற்கெனவே பெருத்துவிட்ட மரத்தை, அணை நிரம்பியிருக்கும்போது நீங்களாக வெட்டி வேரைத் தோண்டாதீர்கள். மட்டத்தை இறக்கி, வேர்க்கட்டையை முழுக்க எடுத்து, குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். இளங்கன்றாக இருக்கும்போதே பிடுங்குவது எவ்வளவோ சுலபம்.

கூடுதல் தண்ணீர் தேக்க, கலிங்கின் (மிகை நீர் வழிந்தோடும் இடம்) மேல் பலகை வைத்திருக்கிறோம். மீன் போகாமல் இருக்க வலையும் கட்டியிருக்கிறோம். பார்க்க வந்த பொறியாளர் கோபப்பட்டார். அரை மீட்டர்தானே?

அவர் கோபம் நியாயம். மண் அணைக்குக் கரைக்கு மேலே தண்ணீர் வழிவதைப் போல எமன் வேறில்லை, அதைத் தடுக்க இருக்கும் ஒரே வாசல் கலிங்கு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெள்ளம் ஓட இடமிருக்கும் கலிங்கில் அரை மீட்டர் பலகை வைத்தால், பாதித் தண்ணீராவது போகும் என்று நினைப்போம். போகாது. ஓடும் ஆழம் பாதியானால் வெளியேறும் அளவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். மீதி எல்லாம் கரைமேல் ஏறத்தான் பார்க்கும். அப்புறம் அந்த வலை, முதல் வெள்ளத்திலேயே சருகும் கிளையும் அதில் அடைத்து அதுவே சுவராகிவிடும்.

1889 மே 31, பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். அந்த ஏரி பணக்காரர்களின் மீன்பிடிக் கழகம் ஒன்றின் கையில் இருந்தது. வண்டி போகச் சௌகரியமாகக் கரையின் முகட்டைத் தாழ்த்தியிருந்தார்கள், மீன் தப்பாமல் இருக்க வழிந்தோடியில் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள், மட்டத்தை இறக்க உதவும் அடிக்குழாய்களை முன்பே பிடுங்கி விற்றாகிவிட்டது, திரும்ப வைக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அரை மீட்டர் பலகை மாதிரிதான். தயவுசெய்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கி முகடு முழுக்க மட்டம் பாருங்கள். ஆட்களும் மாடுகளும் நடந்து நடந்து பள்ளமான இடத்தில்தான் வெள்ளம் முதலில் தாண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

மாதம் ஒருமுறை, நிரம்பியிருக்கும்போது வாரம் ஒருமுறை, பெருமழைக்கும் நில அதிர்வுக்கும் பிறகு உடனே. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போனால் சின்னக் குழிவும் நிழலில் தெரியும். ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். விரிசல் இருந்தால் இரண்டு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து எழுதுங்கள். மதகுக் குழாயை மட்டும் மறந்துவிடாதீர்கள். கொலராடோவில் லான் லேக் அணை விவசாயிகள் 1903ல் பாசனத்துக்குக் கட்டியது, எட்டு மீட்டர் உயரம். 1982 ஜூலை 15ல் உடைந்து மூன்று பேர் இறந்தார்கள். குழாயும் வால்வும் சேரும் இடத்தில் பூசியிருந்த ஈயம் கெட்டுப்போய், அங்கிருந்து கசிந்த தண்ணீர் கரையை உள்ளுக்குள்ளேயே அரித்ததுதான் காரணம். ஷட்டரை வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து மூடிப் பாருங்கள். குழாய்க்குள் ஆளை இறக்காதீர்கள், உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது. தண்ணீரைச் சரசரவென்று வடிக்கவும் வேண்டாம், ஊறிய உள்சரிவு சரிந்துவிடும்.

ராத்திரி நேரம், மழை விடவில்லை, தண்ணீர் முகட்டை நெருங்குகிறது. முதலில் என்ன செய்வது?

கீழே இருப்பவர்களை எழுப்புங்கள் அம்மா. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். உடையுமா உடையாதா என்று உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள், பொய்யாகிப் போனால் ஒரு தூக்கம்தான் போகும். 1963 டிசம்பர் 14ல் லாஸ் ஏஞ்சலிஸில் பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கத்தின் காவலர், வடிகாலில் வழக்கமில்லாத தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுச் சொன்னது காலை பதினொன்றே காலுக்கு. உடைந்தது பிற்பகல் 3:38க்கு. நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமாகின, ஐந்து பேர் இறந்தார்கள், ஆனால் மற்றவர்கள் அதற்குள் வெளியேறியிருந்தார்கள். அந்த ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால்தான்.

சொல்லியாகிவிட்டது என்றால் மதகைத் திறங்கள், கலிங்கில் அடைத்திருப்பதைக் கரையில் நின்றபடியே நீண்ட கொக்கியால் இழுங்கள், தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். முகட்டில் தாழ்ந்த இடத்துக்கு மணல் மூட்டை. தண்ணீர் கரைமேல் வழிய ஆரம்பித்துவிட்டால் எல்லோரும் கரையை விட்டு வந்துவிட வேண்டும். கரையை வெட்டிவிட்டு வடிக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், வெட்டிய வாய் நீங்கள் நினைத்த அளவில் நிற்காது.

ஆனால் இதையெல்லாம் அந்த ராத்திரியில் யோசிக்க முடியாது. முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யார் யாருக்குப் போன் செய்வது, எந்த வீட்டை யார் தட்டுவது, ஓடையைக் கடக்காமல் எந்த வழியாக எந்த மேட்டுக்குப் போவது, நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள். மழையில் டவர் போய்விடும், அதனால் மணியோ விசிலோ ஏதாவது ஒன்று இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் அந்த எண்களை ஒருமுறை கூப்பிட்டும் பாருங்கள். நான் கடைசியாகப் பார்த்த பட்டியலில் ஒன்பது எண்கள் இருந்தன, மூன்று வேலை செய்யவில்லை. அதில் ஒன்று, ஓடைக்கு மிகப் பக்கத்து வீட்டினுடையது.