மோட்டார்ஹோமின் கழிவுத் தொட்டிகளை எப்படிப் பராமரிப்பது, எப்படிக் காலி செய்வது?

நீங்கள் ஐந்து பேர், ஆறு நாள், வாடகை மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியில்) அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்குப் போவதாகவும், கழிவுத் தொட்டியை நினைத்தாலே பயணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் முதல் முறை இதே பேச்சுதான் எழுந்தது. அதற்குப் பிறகு நான்கு பயணம் போய்விட்டோம். இந்த வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்தது என்பதால் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. குளியலறை, பாத்திரம் கழுவும் சிங்க் ஆகியவற்றிலிருந்து வரும் நீர் கிரே டேங்குக்கும், கழிப்பறையிலிருந்து வருவது பிளாக் டேங்குக்கும் போகும். வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளில் கழிவுத் தொட்டி ஒவ்வொன்றும் பெரும்பாலும் 30 முதல் 40 கேலன் வரை, அதாவது ஏறக்குறைய 115 முதல் 150 லிட்டர் வரை கொள்ளும். எல்லோரும் பிளாக் டேங்கைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் முதலில் நிரம்பி உங்கள் பயணத்தை நிறுத்தப்போவது கிரே டேங்க்தான். நிமிடத்துக்கு இரண்டு கேலன் ஊற்றும் ஷவரில் ஐந்து பேரும் ஆளுக்கு மூன்றே நிமிடம் நின்றாலும் 30 கேலன் ஆகிவிடும். உடலை நனைத்தவுடன் தண்ணீரை மூடி, சோப்புப் போட்டு முடித்த பின் மீண்டும் திறப்பது என்று முதல் நாளே வீட்டில் சொல்லிவையுங்கள். முகாமில் பொதுக் குளியலறை இருந்தால் இன்னும் நல்லது.

பிளாக் டேங்கைப் பொறுத்தவரை நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: அதில் தண்ணீர் குறையக் கூடாது. முதல் பயணத்தில், கழிவுநீர் இணைப்பு உள்ள இடத்தில் வண்டியை நிறுத்திக் குழாயை மாட்டியதும், இனிக் கவலையில்லை என்று இரண்டு கழிவுத் தொட்டிகளின் வால்வுகளையும் மூன்று நாள் திறந்தே வைத்துவிட்டேன். நீர் எல்லாம் உடனுக்குடன் ஓடிப்போனது, கனமானவையும் காகிதமும் மட்டும் கழிப்பறைக் குழாய்க்கு நேர் கீழே குவியலாகத் தங்கி இறுகிவிட்டன. கிளம்பும் காலையில் வெளியே வந்தது ஒரு குவளை அளவுதான் இருக்கும், உள்ளே மீட்டரோ முழுத் தொட்டி என்று காட்டியது. ஐஸ் கட்டிகளைக் கொட்டி ஓட்டினால் தேய்த்து எடுத்துவிடும் என்று பக்கத்து வண்டிக்காரர் யோசனை சொன்னார். ஐஸ் மிதக்கும் பொருள், அடியில் இருப்பதை அது எப்படித் தேய்க்கும்? வால்வை மூடி, முக்கால் தொட்டிக்கு வெறும் தண்ணீரை நிரப்பி, அறுபது மைல் ஓட்டியபின் திறந்தேன். அந்தக் குலுக்கலில் பெரும்பகுதி கரைந்து வந்தது. மிச்சம் இரண்டாவது முறையில் போனது.

ஆகவே, எங்கே நின்றாலும் பிளாக் டேங்க் வால்வு மூடியே இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு திறந்தால்தான், நீரின் வேகமே கழிவை இழுத்துக்கொண்டு போகும். காலி செய்தவுடன் இரண்டு கேலன் தண்ணீரைக் கழிப்பறை வழியாக ஊற்றி, அதன்மேல் கழிவைச் சிதைக்கும் தொட்டி மருந்தைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும். கழிப்பறையின் கால் மிதியை ஒரு நொடியில் விட்டுவிடாமல், சில நொடிகள் அழுத்திப் பிடித்துத் தண்ணீரை ஓடவிடப் பழக்குங்கள். இந்த விஷயத்தில் நம் வழக்கம் நமக்குச் சாதகம். காகிதத்தைக் குறைத்துத் தண்ணீரால் கழுவுகிற குடும்பத்தில் தொட்டி சற்று முன்னதாக நிரம்பும், ஆனால் குவியல் சேராது. ஈரத் துடைப்புத் தாள்களை மட்டும், உறையில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே போடவே விடாதீர்கள்.

தெற்கு விளிம்பில் தண்ணீரைத் தாராளமாகச் செலவழிக்க மனம் வராது. அங்கே குடிக்கும் நீர், வடக்கு விளிம்புக்குக் கீழே உள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து ஒற்றைக் குழாயில் வருகிறது. அந்தப் பழைய குழாய் அடிக்கடி உடைவதும், அதனால் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வருவதும் வழக்கமான செய்தி. நாங்கள் பாத்திரம் அலசிய நீரை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து, வடிகட்டிக் கழிப்பறையில் ஊற்றினோம். கிரே டேங்குக்கும் ஓய்வு கிடைத்தது, பிளாக் டேங்கும் வறளவில்லை.

நாற்றத்துக்கும் முதல் காரணம் பெரும்பாலும் கிரே டேங்க்தான், குறிப்பாக நம் சமையலில். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, வழக்கப்படி சோறு வடித்த கஞ்சியைச் சிங்கில் சாய்த்துவிட்டார். அரிசோனா வெயிலில் ஒரே நாளில் அது உள்ளே புளித்து, மறுநாள் மதியம் சிங்கின் வாயிலிருந்து வந்த வாடையைக் கழிப்பறைதான் கசிகிறது என்று நினைத்து அரைமணி நேரம் தேடினோம். கஞ்சி, குழம்பின் எண்ணெய், புளிக்கோது இவையெல்லாம் மூடியுள்ள ஒரு பழைய டப்பாவுக்குப் போக வேண்டியவை. தட்டுகளைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுங்கள். கழிப்பறையிலிருந்தே வாடை வந்தால், கிண்ணத்தின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள், அதுதான் அங்கே தடுப்பு. இன்னொன்று, கூரை விசிறி ஓடும்போது மிதியை அழுத்தினால் தொட்டிக் காற்றை அது மேலே இழுத்துவிடும். விசிறியை நிறுத்திவிட்டு மிதிக்க வேண்டும்.

மருந்து வாங்கும்போது என்சைம் அல்லது பாக்டீரியா வகையை வாங்குங்கள். பார்மால்டிஹைடு கலந்தவை, முகாம்களின் செப்டிக் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளையே கொன்றுவிடும். கலிபோர்னியாவில் அவற்றை விற்கவே தடை உண்டு.

மீட்டரை நம்ப வேண்டாம். தொட்டிச் சுவரில் பதித்த முனைகளுக்கிடையே நீர் வழியாக மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் அது அளவைக் காட்டுகிறது. ஒரு துண்டுக் காகிதம் முனையில் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியும் மூன்றில் இரண்டு என்றே காட்டும். மிதியை அழுத்திக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயின் அடியில் நீர்மட்டம் கண்ணில் பட்டால் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

காலி செய்வதற்குப் பதினைந்து நிமிடம் போதும். வடிகால் வாய் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் இருக்கும், அந்தப் பக்கம், காலி செய்யும் நிலையத்தின் தரையில் உள்ள துளைக்கு அருகே வரும்படி நிறுத்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்கும் முன் கீழே ஒரு வாளி வையுங்கள், ஏனெனில் வால்வில் காகிதம் சிக்கியிருந்தால் மூடிக்குப் பின்னால் கொஞ்சம் தேங்கிக் காத்திருக்கும். என் காலணி ஒன்று அப்படித்தான் போனது. மூன்று அங்குலக் குழாயை முறுக்கி மாட்டி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மறுமுனையைத் துளைக்குள் விட்டு, நழுவாமல் கல்லை வையுங்கள். பிறகு பிளாக் டேங்க் கைப்பிடியைத் தயங்காமல் முழுவதுமாக இழுங்கள். கண்ணாடி போன்ற ஒரு முழங்கை இணைப்பை வாங்கி நடுவில் மாட்டிக்கொண்டால் உள்ளே போவது தெரியும்: முதலில் இருண்ட பழுப்பு வெள்ளம், பிறகு களகளவென்ற சத்தம், பிறகு சொட்டுச் சொட்டாக. வால்வை மூடி, கழிப்பறையில் இரண்டு மூன்று வாளி ஊற்றி, மறுபடி திறங்கள். முழங்கையில் நிறம் வெளுக்கும்வரை இதைச் செய்தபின் பிளாக் டேங்கை மூடிவிட்டு கிரே டேங்கைத் திறந்தால், அந்தச் சோப்புநீரே குழாயைக் கழுவிவிடும். இணைப்பு உள்ள இடத்திலும் கிரே டேங்கை நான் மூடியே வைப்பது இதற்காகத்தான். கடைசியில் வண்டி முனையைக் கழற்றி, குழாயை உயர்த்திக்கொண்டே துளையை நோக்கி நடந்தால் மிச்சமும் வடிந்துவிடும்.

அங்கே தொங்கும் தண்ணீர்க் குழாய் கழுவுவதற்கு மட்டுமே. குடிநீர் நிரப்பும் குழாயைக் கழிவுக் குழாயோடு ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள்.

தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாமில் கழிவுநீர் உட்பட எல்லா இணைப்புகளும் உண்டு, ஆனால் முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும். மேதர் முகாமில் இணைப்பு கிடையாது, காலி செய்யும் நிலையம் மட்டும் இருக்கிறது. ஐந்து பேருக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை அங்கே போகும்படி இருக்கும். வண்டியை எடுக்கும் அன்றே கழிவுக் குழாயை வெளியே இழுத்து முழு நீளத்துக்கும் பாருங்கள். எங்களுக்கு முதலில் தந்ததில் கைப்பிடிக்கு அருகே ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தது, கேட்டவுடன் மாற்றித் தந்தார்கள்.