ஹாம் வானொலி கேள்வி பதில்: முதலில் கேளுங்கள், பிறகு பேசலாம்

ஹாம் வானொலி என்பது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி. அதுபற்றிப் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்த கேள்விகளைச் சுருக்கி, என் பதில்களோடு கீழே தருகிறேன். அன்ரனா, அலை பரவும் விதம், கையால் செய்து பார்க்கக்கூடிய வேலைகள் ஆகியவை என் பக்கம். கைபேசிச் சிக்னலும் வைஃபையும் என் பக்கம் அல்ல. தொடங்குமுன் ஒன்று: எந்தக் கம்பியைக் கட்டினாலும், அது அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் வீதி மின்கம்பியைத் தொட முடியாத இடத்தில் மட்டுமே கட்டுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சாவகச்சேரியிலிருந்து உயர்தர மாணவி: அண்ணா, என்னிடம் உரிமமும் இல்லை, பெரிய பணமும் இல்லை. எதைச் செய்து தொடங்கலாம்?

தங்கச்சி, அளவு நாடாவில் ஒரு யாகி, அதாவது ஒரு திசையை நோக்கிக் கேட்கும் அன்ரனா, செய்யுங்கள். ஹார்ட்வெயார் கடையில் விற்கும் எஃகு அளவு நாடா ஒன்று, அறுபது சென்ரிமீற்றர் எஸ்லோன் குழாய், சில ஹோஸ் கிளிப்புகள் போதும். பின்னால் நிற்கும் துண்டு 105 சென்ரிமீற்றர். நடுத்துண்டு தலா 45 சென்ரிமீற்றரில் இரண்டு பாதிகள். இடையில் சிறு இடைவெளி விடுங்கள். முன்துண்டு 89. பின்துண்டுக்கும் நடுத்துண்டுக்கும் இடையே 20, நடுத்துண்டுக்கும் முன்துண்டுக்கும் இடையே 32 சென்ரிமீற்றர். 13 சென்ரிமீற்றர் கம்பி ஒன்றை 'ப' வடிவில் வளைத்து, நடுத்துண்டின் இரு பாதிகளையும் அதனால் இணையுங்கள். கருவிக்குப் போகும் அன்ரனாக் கேபிளின் உள்கம்பி ஒரு பாதிக்கும் வெளிப்பின்னல் மறு பாதிக்கும் போகும்.

பலரும் தோற்பது ஈயம் பற்றவைக்கும் இடத்தில்தான். நாடாவின் மஞ்சள் பூச்சின்மேல் ஈயம் ஒருபோதும் ஒட்டாது. மணல்தாளால் எஃகு பளபளக்கும்வரை தேய்த்து, அந்த இடத்தில் முதலில் மெல்லிய ஈயப் பூச்சு கொடுத்து, பிறகு கம்பியை வைத்துச் சூடாக்குங்கள். நாடாவை வெட்டிய முனைகள் பிளேடு மாதிரி இருக்கும். மூலைகளை உருட்டி வெட்டி, மேலே ஒட்டுநாடா சுற்றுங்கள்.

இதை ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிளோடு, அதாவது கணினியை வானொலியாக்கும் சிறு யூஎஸ்பி கருவியோடு, மடிக்கணினியில் பொருத்தினால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸ் உங்கள் முற்றத்துக்கு வரும். ஒருமுறை கடந்து போக ஏறத்தாழப் பத்து நிமிடம். நிலையம் உங்களை நோக்கி வரும்போது அலைவரிசை மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவு உயர்ந்தும், விலகும்போது அதேயளவு தாழ்ந்தும் நிற்கும். புத்தகத்தில் படித்த டொப்ளர் விளைவைத் திரையிலேயே பார்க்கலாம். எந்நேரமும் பேச்சு இருக்காது. விண்வெளி வீரர்கள் பாடசாலைகளோடு பேசும் நாட்களும் படம் அனுப்பும் நாட்களும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த நாட்களைப் பிடியுங்கள்.

உங்கள் பாடசாலை மைதானத்தில் உரிமம் உள்ள ஒருவர் சிறிய ஒலிபரப்பி ஒன்றை ஒளித்துவைத்தால், இதே அன்ரனாவைச் சுழற்றிச் சுழற்றி அதைத் தேடிப் பிடிக்கும் போட்டியும் நடத்தலாம். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பௌதிகப் பாடம் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து: இணையத்தில் சீனக் கைச்செட், அதாவது வோக்கி-டோக்கி, இரண்டு வாங்கினேன். நானும் நண்பனும் பேசலாமா?

கூடாது, தம்பி. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அலை அனுப்பும் கருவியைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். உரிமம் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பரீட்சை எழுதி, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்ற பிறகு பேசுங்கள். அதுவரை பேசும் பொத்தானை அமுக்காதீர்கள். நம்முடைய ஊரில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

காரைநகரிலிருந்து உரிமம் பெற்ற ஒருவர்: 40 மீற்றர், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பனைக்கும் பனைக்கும் நடுவே டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இருபாதிக் கம்பி அன்ரனா, கட்டினேன். மார்கழிக் காற்றில் அறுந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பனை நமக்குக் கிடைத்த இலவசக் கோபுரம். கொப்பும் கிளையும் இல்லை, உயரம் தாராளம். ஆனால் இரண்டு பனைகள் ஒருபோதும் ஒன்றாக ஆடுவதில்லை. ஒன்று வடக்கே சாயும்போது மற்றது நிமிரும். இழுத்துக் கட்டிய கம்பி அந்த வேறுபாட்டைத் தாங்காது. ஒரு முனையை நிரந்தரமாகக் கட்டுங்கள். மறுமுனையில் நைலோன் கயிற்றைச் சிறிய கப்பி வழியாக இறக்கி, நிலத்துக்கு ஒரு மீற்றர் மேலே மணல் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும், போத்தல் ஏறி இறங்கும், கம்பி பிழைத்துக்கொள்ளும்.

நீளத்தை 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பெறுங்கள். 7.1க்கு 20 மீற்றர் சொச்சம், ஒரு பக்கத்துக்குப் பத்து. உறையிட்ட வயர் என்றால் சற்றுக் குறையும். நீளமாக வெட்டித் தொடங்கி, அளந்து அளந்து குறையுங்கள். நடுவிலுள்ள இணைப்பைக் கழற்றிப் பார்த்தீர்களா? காரைநகர்க் கடற்காற்றில் செம்பு பச்சை பூத்து, கேபிளின் பின்னலுக்குள் உப்புநீர் ஏறியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உறையை ஒரு சாண் உரித்தால் உள்ளே கறுத்திருக்கும். அந்தக் கேபிளைத் தூக்கி எறியுங்கள். புதிய முனையைச் சிலிக்கன் பசையால் முழுமையாக மூடி, கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள், நீர் வடியட்டும்.

பத்து மீற்றர் உயரமே 40 மீற்றர் அலைக்குக் கால் அலைநீளம். அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய், அயனமண்டலத்தில் திரும்பிக் குடைபோல் இறங்கும். பகலில் மாத்தறை வரையும் தமிழ்நாடு முழுவதும் பேச இதுவே போதும். இன்னும் உயர்த்த வேண்டும் என்று பனையில் ஆளை ஏற்றாதீர்கள். இடிமழை நெருங்குமுன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். மின்கம்பி விடயத்தை மேலே சொல்லிவிட்டேன்.

ஊர்காவற்துறையிலிருந்து: கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில் என் இருப்பிடச் சதுரத்தை என்ஜே09 என்று போடுகிறேன். சரியா?

தவறு. இரு சதுரங்களின் எல்லையான 80 பாகை கிழக்கு நெடுங்கோடு யாழ்ப்பாண நகருக்கு மேற்கே சற்றுத் தள்ளிப் போகிறது. நகரம், சாவகச்சேரி, பருத்தித்துறை எல்லாம் என்ஜே09. ஊர்காவற்துறை, வேலணை, காரைநகர், நயினாதீவு எம்ஜே99. தீவுப்பகுதியிலிருந்து ஒலிபரப்புவோர் குறைவு என்பதால் அந்தச் சதுரத்தைத் தேடுவோருக்கு நீங்கள் ஒரு பரிசு. சரியாகப் போடுங்கள்.

வல்வெட்டித்துறையிலிருந்து: சில நாட்களில் தமிழ்நாட்டு எஃப்எம் இங்கே உள்ளூர் நிலையம்போல் கேட்கிறது. சில நாட்களில் ஒன்றுமே இல்லை. இரு கரையிலும் உரிமம் உள்ளவர்கள் 2 மீற்றர், அதாவது 144 மெகாஹெர்ட்ஸ் பக்கக் கைச்செட்டில் பேசிக்கொள்ள முடியுமா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுமுன்பே இருவர் மோதத் தொடங்கிவிட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் பொறியியலாளர் அண்ணா எழுதியது: "முடியாது. உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் வானொலி அடிவானம். ஆள் உயரத்தில் ஆறு, இருவருக்கும் பன்னிரண்டு. காங்கேசன்துறையிலிருந்து கோடியக்கரை 55 கிலோமீற்றருக்கு மேல். கதை முடிந்தது." வேதாரணியத்து அன்பர் பதிலுக்கு: "இலங்கை எஃப்எம் இங்கே விடியற்காலையில் கேட்கிறது. கணக்குக்காக என் காதை மாற்ற முடியாது."

ரொறன்ரோ அண்ணாவின் கணக்கு சரி. இரு பக்கமும் ஏறத்தாழ 45 மீற்றர் உயரம் இருந்தால்தான் 55 கிலோமீற்றருக்கு நேர்ப்பார்வை கிடைக்கும். இருபது மீற்றர்ப் பனைகளில் ஏற்றினாலும் 37தான். ஆனால் அந்த 4.12 எங்கிருந்து வந்தது? கண்ணால் பார்க்கும் அடிவானத்துக்குப் பெருக்கவேண்டிய எண் 3.57. வானொலிக்கு 4.12 ஆனதே காற்று அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பதால்தான். அதாவது, 'சாதாரண நாளில் காற்று இவ்வளவு வளைக்கும்' என்ற அனுமானம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கடலுக்கு மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் சூடான வறண்ட காற்றும் படிந்து நிற்கும் நாளில் வளைவு கூடுகிறது. பூமியின் வளைவுக்குச் சமமாகிவிட்டால் அடிவானம் என்ற எல்லையே இல்லை. அலை நீர்ப்பரப்பை ஒட்டி, குழாய்க்குள் போவதுபோல் போகும். காற்று வீசினாலோ மழை பெய்தாலோ படலம் கலைந்துவிடும்.

எண்பதுகளில் வீட்டுக்கு மேல் நீண்ட குழாய் நாட்டித் தூரதர்ஷன் பார்த்த தலைமுறைக்கு இது புதிதல்ல. ஒரு மாலை படம் துல்லியம், மறு மாலை வெறும் புள்ளிகள். அன்ரனாவைத் திருப்பு என்று பிள்ளைகளைக் கூரைக்கு அனுப்பினார்கள். குற்றம் அன்ரனாவில் இல்லை, நீரிணையின் மேலிருந்த காற்றில்.

ஆகவே வல்வெட்டித்துறைத் தம்பிக்கு: நம்பியிருக்க முடியாது, ஆனால் நல்ல நாளில் முடியும். கைச்செட்டின் குட்டை அன்ரனா வேண்டாம், மேலே சொன்ன யாகியைக் கடற்கரையில் பிடியுங்கள். 156.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகவே வேண்டாம். அது கடலில் ஆபத்தில் இருப்பவர்களுக்கானது.

கோப்பாயிலிருந்து: நோவா வானிலைச் செய்மதிப் படம் எடுக்க டொங்கிள் வாங்கினேன். 137 மெகாஹெர்ட்ஸில் ஒரு சத்தமும் இல்லை. டொங்கிள் பழுதா?

பழுதில்லை. நோவா 15, 18, 19 மூன்றும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. பழைய காணொளிகளை நம்பாதீர்கள். ரஷ்யாவின் மெற்றியோர்-எம் செய்மதிகள் 137.1, 137.9 மெகாஹெர்ட்ஸில் இலக்கமுறையில் அனுப்புகின்றன. அவற்றின் படம் நோவாவினதைவிடத் தெளிவு.

மானிப்பாயிலிருந்து: கைச்செட் வாங்கிவிட்டேன், உரிமம் இல்லை...

திருநெல்வேலித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நல்லூரிலிருந்து: கூரையில் பழைய டிவி டிஷ் சும்மா நிற்கிறது. ஹாம் வானொலிக்கு உதவுமா?

உதவும். ஹாம் ஆர்வலர்களின் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் கியூஓ-100 என்ற வசதி, 2018இல் ஏவப்பட்ட கட்டார் செய்மதியில் இருக்கிறது. 25.9 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேலே அசையாமல் நிற்பதால் இங்கிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் தெரியும். இந்தியச் செய்மதிகளை நோக்கும் உங்கள் டிஷ் இப்போது தென்கிழக்கே வெகு உயரத்தைப் பார்க்கிறது. அதை மேற்குக்குச் சற்றுத் தெற்கே, 263 பாகைத் திசைக்குத் திருப்பி, அடிவானத்திலிருந்து 28 பாகை உயரத்துக்கு இறக்குங்கள். அந்தத் திசையில் வேம்போ பனையோ நின்றால் இடம் மாற்றுங்கள்.

நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்து மேற்கே பார்ப்பதால், செய்மதியில் செங்குத்தாகப் புறப்படும் அலை இங்கே ஏறத்தாழக் கிடையாக வந்து சேருகிறது. எனவே டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் எல்என்பியைக் கால் திருப்பத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுழற்ற வேண்டும். ஐரோப்பியர் எழுதும் வழிகாட்டிகளில் இவ்வளவு பெரிய திருப்பம் இருக்காது. அவற்றைப் பார்த்து வைத்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். எல்என்பியில் 9750 என்று எழுதியிருந்தால் டொங்கிளை 739.75 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள், செய்மதி இடைவிடாமல் அனுப்பும் நடு வழிகாட்டிச் சமிக்ஞை அதன் அருகே தெரியும். எல்என்பிக்கு 13 வோல்ற் வேண்டும். அது டொங்கிளுக்குள் போனால் டொங்கிள் அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் மின்னை விடும் பிரிப்பானை வாங்கி, பழைய செற்-டொப் பெட்டியை அந்தப் பக்கத்திலும் டொங்கிளை மறுபக்கத்திலும் பொருத்துங்கள். கூரையில் ஏறும்போது மின்கம்பி எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.

லண்டனிலிருந்து: நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது என் ஒலிபரப்பியைக் கொண்டுவரலாமா?

மேலே சொன்ன தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவின் எழுத்துமூல அனுமதி கையில் இருந்தால் மட்டும். பயணத்துக்கு நன்றாக முன்னரே விண்ணப்பியுங்கள்.

கொக்குவிலிலிருந்து: வைஃபை மாடிக்கு வரவில்லை...

என் பக்கம் அல்ல.

உடுவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: தொண்ணூறுகளில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்டோம். அதைப் பேரப்பிள்ளைக்குச் செய்து காட்ட முடியுமா?

கட்டாயம் காட்டுங்கள், ரீச்சர். டைனமோ தருவது மாறுமின்னோட்டம், ஆறு வோல்ற். 1என்4007 டயோட்டுகள் நான்கைப் பாலமாகக் கட்டி, 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் போடுங்கள். வேகமாக மிதித்தால் வோல்ற் ஏறிவிடும்; ஆகவே வோல்ற்றை ஒரே அளவில் வைக்கும், வானொலிக்கு ஏற்ற ஒழுங்காக்கி ஒன்றையும் சேருங்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் காதை வைத்துக் கேட்க, தெருவே சுற்றி நின்ற காலம் அது. இந்த ஊரில் வானொலியைக் கையால் செய்து உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். 882 கிலோஹெர்ட்ஸில் புத்தளத்திலிருந்து வரும் மத்திய அலை ஒலிபரப்பைப் பிடித்துச் சோதியுங்கள்.

ரொறன்ரோ அண்ணா மீண்டும்: காற்றுப் படலம் என்று சொன்னால் போதுமா? நிரூபணம் எங்கே?

நியாயமான கேள்வி. உரிமம் இல்லாதவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் எஃப்எம் 100.5 மெகாஹெர்ட்ஸ். மலை ஏறத்தாழ 2100 மீற்றர். உங்கள் சூத்திரப்படி அதன் அடிவானமும் கூரை உயரத்து அன்ரனாவின் அடிவானமும் சேர்ந்து 200 கிலோமீற்றர் சொச்சம். யாழ்ப்பாணம் 280 கிலோமீற்றருக்கு மேல். மீதி எண்பதைக் காற்றுதான் கடத்த வேண்டும். தினமும் விடியுமுன்னும் நண்பகலிலும் சூரியன் மறைந்த பின்னும் கேட்டு, தெளிவு, இரைச்சல், இல்லை என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். பக்கத்தில் காற்று, மழை, புழுக்கம் குறியுங்கள். கேட்கும் கருவியையோ அன்ரனாவின் இடத்தையோ இடையில் மாற்றவேண்டாம், மாற்றினால் பதிவு பயனற்றுப் போகும். நண்பகலில் இல்லை, விடியலில் தெளிவு என்று வாரக்கணக்கில் ஒரே மாதிரி வந்தால் பேசுவோம். வராவிட்டால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.

வல்வெட்டித்துறைத் தம்பியும் சாவகச்சேரித் தங்கச்சியும் பெயர் கொடுத்துவிட்டார்கள். வேதாரணியத்து அன்பர் அங்கிருந்து இலங்கை நிலையங்களைக் குறிப்பதாகச் சொல்கிறார். ரொறன்ரோ அண்ணா அட்டவணையைக் கூட்டிக் கழித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பருத்தித்துறையிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் இன்னும் ஒருவரும் முன்வரவில்லை. அங்கே கூரையில் எஃப்எம் அன்ரனா உள்ளவர்கள் எழுதுங்கள்.