பூந்தொட்டிக்குள் கிடைத்த தகடு: வாசகர் கேள்வி – பதில்

செய்வினை பற்றிக் கேட்ட ஒருவருக்குச் சென்ற இதழில் இரண்டே வரியில் பதில் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். வந்து குவிந்த கடிதங்கள் விடவில்லை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் அதற்கும் அதுபோன்ற நம்பிக்கைகளுக்குமே.

கேள்வி: என் கணவர் கொழும்புப் பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். சித்திரைக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. அவரும் நித்திரையின்றி மெலிந்து, கை நடுங்கி, சிறிய விடயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார். மாமி அழைத்து வந்த மாந்திரீகர், எங்கள் தொடர்மாடி வீட்டுப் பல்கனியில் இருந்த பூந்தொட்டியைக் கிளறிப் பளபளவென்ற செப்புத் தகடு ஒன்றை எடுத்தார். அதில் கணவரின் பெயரும் நட்சத்திரமும் கீறப்பட்டிருந்தன. அவர் வெட்டிய தேசிக்காயிலிருந்து இரத்தம் வடிந்ததை நானே கண்டேன். இரத்த உறவுள்ள பெண்ணொருத்திதான் இதை வைத்தாள் என்றார். அது மச்சாள்தான் என்று மாமி முடிவு கட்டிவிட்டார். கழிப்புக் கழிக்க 175,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொடுக்க வேண்டாம்.

தகட்டில் தொடங்குவோம். வெள்ளவத்தைக் கடற்காற்று யன்னல் கம்பிகளை என்ன பாடு படுத்துகிறது என்பது அங்கு குடியிருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் தொட்டி மண்ணுக்குள் சித்திரை மாதத்திலிருந்து புதைந்து கிடந்த செம்பு, கறுத்து மங்கிப் போயிருக்க வேண்டும். உங்கள் சுவாமி அறையிலுள்ள செப்புச் செம்பை இரண்டு கிழமை புளி போட்டுத் துலக்காமல் விட்டுப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். பளபளத்த தகடு அந்த மண்ணுக்குள் போய்ச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். தொட்டியைக் கிளறிய கை யாருடையது என்பதையும், நட்சத்திரத்தை முன்கூட்டியே அவருக்குச் சொன்னவர் யார் என்பதையும் நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தேசிக்காய் விடயத்தை என் வீட்டுக் குசினியில் செய்து பார்த்தேன். கடுஞ்சிவப்புச் செவ்வரத்தம்பூவின் இதழ்களைக் கத்தி அலகின் இரு பக்கமும் நசுக்கித் தேய்த்தால் ஊதா நிறச் சாறு படிகிறது. காய்ந்த பின் அது அவ்வளவாகக் கண்ணில் படாது. அந்தக் கத்தியால் தேசிக்காயை வெட்டியதும், காயின் புளிப்புப் பட்டு அந்தச் சாயம் சட்டென்று சிவக்கிறது. ஒரு பூவோடு செய்த முதல் முயற்சியில் வெளிறிய ரோசா நிறமே வந்தது, மனைவி சிரித்துவிட்டார். நான்கு பூக்களைத் தேய்த்த பிறகு வடிந்ததைப் பார்த்து அவரும் ஒரு கணம் பின்வாங்கினார். நெருப்புத் தானாகப் பற்றுவதும் இதே வகையான வித்தைதான். சுள்ளிகளுக்கிடையே கொண்டிஸ் தூளை (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று) ஒளித்து வைத்து, நெய் என்று சொல்லிக் கிளிசரினை வார்த்தால், சிறிது நேரத்தில் தீ எழும். (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

ஒருவர் ஏமாற்றினார் என்பதால் எல்லோரும் ஏமாற்றுபவர்களா என்று கேட்பீர்கள். உங்கள் பக்கத்து ஊரான பாமன்கடையில் வாழ்ந்தவர் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தின் திருவல்லாவில் 1898 ஆம் ஆண்டு பிறந்து, இலங்கைப் பாடசாலைகளில் தாவரவியல் கற்பித்து, 1959 இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வு பெற்றவர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய ஆற்றல் எதையாவது செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் அவர் அறிவித்தார். அந்நாளில் அது ஒரு பெருஞ்செல்வம். 1978 இல் அவர் இறக்கும்வரை அத்தொகையை எவராலும் வெல்ல முடியவில்லை. அமெரிக்க மாயாஜாலக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் பத்து இலட்சம் டொலர் சவாலும் 2015 இல் முடிவுக்கு வரும்வரை அப்படியே கிடந்தது. வியாபாரத்தைக் கட்டவும் ஆளை முடக்கவும் வல்லவர்கள் இத்தனை பேர் நாட்டில் இருக்கும்போது, அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த ஒரு இலட்சம் தேவைப்படவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

மந்திரத்துக்கு வலு இல்லாவிட்டாலும், மந்திரத்தைப் பற்றிய பயத்துக்கு நிறையவே வலு இருக்கிறது. தமக்குச் சூனியம் வைக்கப்பட்டுவிட்டது என்று உறுதியாக நம்பியவர்கள் உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கி, சிலர் இறந்தும் போனதாக வந்த செய்திகளைத் திரட்டி, அச்சம் உடலை எவ்வாறு தாக்கக்கூடும் என்று வால்டர் கெனன் என்ற உடலியல் அறிஞர் 1942 இலேயே ஆராய்ந்தார். அதனால் உங்கள் கணவருக்கு முன்னால் தகட்டைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவதை முதலில் நிறுத்துங்கள்.

அடுத்து, அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் வைத்தியன் அல்லன். ஆனால் நித்திரையின்மை, மெலிவு, கைநடுக்கம், எரிச்சல் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால், தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்ப்பது வழக்கம். அதில் ஒன்றும் இல்லாவிட்டால் கடன் கவலையும் மனச்சோர்வுமாக இருக்கலாம். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். பேயோட்டுவதில் காலம் கடத்தியதால் வலிப்பும் மனநோயும் முற்றிப் போனவர்களை நம் குடும்பங்களில் தேடி அலைய வேண்டியதில்லை. 2021 இல் கம்பஹா மாவட்டத்தின் தெல்கொடையில், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமி, அதை ஓட்டுவதாகக் கூறிய பெண்ணின் பிரம்படியில் உயிரிழந்தாள். அவளை அங்கே அழைத்துச் சென்றது பெற்ற தாய்.

கடைசியாக, மச்சாள். மாந்திரீகர் அவருடைய பெயரைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? "இரத்த உறவுள்ள பெண்" என்றார். அப்படி ஒருத்தி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? பெயரை உங்கள் மாமியின் வாயாலேயே வரவைத்துவிட்டார். நாளை தகராறு என்று வந்தால் அவர் எவரையும் குற்றம் சாட்டவில்லை. உங்கள் மாமிதான் சாட்டினார். 175,000 ரூபாயை எப்படியும் மீண்டும் உழைத்துவிடலாம். ஒரு கலியாண வீட்டில் மச்சாளும் மாமியும் முகம் பார்த்துப் பேசுவதற்கு எத்தனை வருடம் செல்லும் என்பது எனக்குத் தெரியாது. மாந்திரீகரிடம் முற்பணம் கொடுத்திருந்தால், தொலைபேசிச் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். ஏமாற்றிப் பணம் பறிப்பது குற்றம், பொலிஸில் முறையிட இடமுண்டு.

கேள்வி: எங்கள் விடுதியில் எழுத்துகள் எழுதிய தாளில் கிளாஸைக் கவிழ்த்து, நான்கு பேர் விரல் வைத்து ஆவியை அழைத்தோம். யாரும் தள்ளாமலே கிளாஸ் நகர்ந்தது. என் தோழியின் இறந்துபோன தந்தையின் பெயரையும் எழுதியது. அன்றிலிருந்து அவள் தனியாகப் படுப்பதில்லை.
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: யாரும் வேண்டுமென்று தள்ளியிருக்கமாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஆனாலும் தள்ளியது உங்கள் விரல்கள்தான். இதே சிக்கலை 1853 இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் பரடே ஆராய்ந்தார். அக்காலத்து இங்கிலாந்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் ஆவி மேசையைச் சுழற்றும் என்ற மோகம் பரவியிருந்தது. கைக்கும் மேசைக்கும் இடையே, இளகிய பசையால் ஒட்டிய அட்டைகளை அவர் அடுக்கி வைத்தார். மேசை முதலில் அசைந்திருந்தால் கீழ் அட்டை முன்னே போயிருக்க வேண்டும். போனதோ மேல் அட்டை. கை முந்தியது, மேசை பிந்தியது. மனம் எதிர்பார்ப்பதைத் தசை தன்னையறியாமலே செய்துவிடுகிறது. உங்கள் கண்களைக் கட்டிக்கொண்டு, தாளை வேறொருவரைக் கொண்டு திருப்பி வைத்தால், ஆவிக்கு எழுத்துக்கூட்டவே வராமல் போகும்.

உங்கள் தோழிக்கு ஆபத்து ஆவியால் அல்ல. தந்தையை இழந்த பிள்ளையின் துயரத்தை நான்கு பேர் விளையாட்டாகத் தொட்டுவிட்டீர்கள். தந்தையைப் பற்றி அவளைப் பேச விடுங்கள். பயம் நீடித்தால் விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: துறைமுகத்தில் இரவு வேலை செய்கிறேன். பகலில் படுத்தால் நெஞ்சில் பேய் ஏறி அமுக்குகிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கனவு காணும் நித்திரையில் உடல் தன் தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது, இல்லாவிட்டால் கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து விழுவார். பூட்டுத் திறப்பதற்கு முன் மனம் விழித்துக்கொண்டால், கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாகத் தெரியும், மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். பெரும்பாலும் சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். யப்பானியர் இதைக் கனசிபரி என்கிறார்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்காரர்கள் கிழவி வந்து உட்கார்ந்தாள் என்கிறார்கள். மாறி மாறி வரும் வேலை நேரமும், நித்திரைக் குறைவும், மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். அடிக்கடி வந்து, வேலை நேரத்திலும் நித்திரை தூக்கி அடித்தால் வைத்தியரைக் காணுங்கள்.

கேள்வி: அப்படியானால் காலங்காலமாக இவற்றைச் செய்த நம் முன்னோர் முட்டாள்களா?
– வாசகர், தெஹிவளை

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. தென்னிலங்கையில் நோய் தீர்க்க நடக்கும் தொவில் என்ற பேயோட்டும் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு நோய்களுக்குப் பதினெட்டு முகமூடி. விடிய விடியப் பறை, ஆட்டம், நோயாளியையே சிரிக்க வைக்கும் பகிடி. ஒரு மாதமாக மூலையில் சுருண்டு கிடந்தவருக்காக ஊர் முழுவதும் ஓர் இரவு கண்விழித்து உட்கார்ந்திருக்கிறது. அது மனத்தைத் தேற்றாது என்று நான் எப்படிச் சொல்வேன்? மயில் தோகையாலும் திருநீற்றாலும் பார்வை பார்க்கும் பெரியவரிடத்திலும் குறை காணேன், அவர் மருந்தை நிறுத்தச் சொல்லாதவரை. 2020 டிசம்பரில், காளி அம்மன் அருளிய கொரோனா மருந்து என்று ஒரு பாணியை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதை அருந்திக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது.

கேள்வி: என் கைத்தொலைபேசி களவு போய்விட்டது. யார் எடுத்தது என்று சந்தேகம் இருக்கிறது. சீனிகம தேவாலயம் என்ற சிங்களத் தெய்வக் கோயிலில், எடுத்தவரைச் சபித்து மிளகாய் அரைத்தால் பலிக்குமாமே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: முதலில் தொலைபேசிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். வழக்கும் விசாரணையும் இழுபடும் நாட்டில் மனிதர் தெய்வத்திடம் நியாயம் கேட்பது எனக்கு விளங்குகிறது. காலி வீதி வழியே ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால்தான் சீனிகம. மனம் ஆறும் என்றால் போய் அரைத்துவிட்டு வாருங்கள். சந்தேகப்படும் ஆளின் பெயரை மட்டும் போகும்போதோ வரும்போதோ ஒருவரிடமும் சொல்லாதீர்கள்.